பதினான்காம் குழியில் நகர்ந்த பந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவின் போனிலிருந்து பேசினாலும் என் குரல் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்கிறாய். பதினோரு மாதமாக எனக்கு மட்டும் சரியில்லாத சிக்னல். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சௌக்கியம் என்று எழுத வரவில்லை, இருக்கிறோம். அம்மாவுக்கு இடது முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் இருக்கிற லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்கிறவனைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடி ஏறுகிறேன் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை சொல்லிக்காட்டுகிறாள். உன் அறையில் இப்போது அவளுடைய தையல் மிஷின் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கோப்பைகளைத் துடைக்கிறாள். அந்தக் கடைசிப் போட்டியில் கொடுத்த இரண்டாம் பரிசுத் தட்டை மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகத் தேய்க்கிறாள். அதுதான் அவளுக்குப் பெருமை. எனக்கு அந்த நேரம் பார்த்து வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் நான் அந்த கோல்ஃப் மைதானத்துக்குப் போய் ஆடிவிட்டு வந்தேன்.

நானாகப் போகவில்லை. கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. வாசல் வராந்தாவில் உன் படத்தை மாட்டி, கீழே "தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட வீராங்கனை" என்று எழுதியிருக்கிறார்கள். திறந்து வைக்க உன்னைக் கூப்பிட்டார்களாம், வர முடியாது என்று எழுதிவிட்டாயாம். அப்படியானால் பெற்றவர்கள் வரட்டும், அப்பா அப்படியே ஒரு சுற்று ஆடிவிட்டும் போகட்டும் என்று மரியாதை செய்தார்கள். அம்மாவுக்கு முழங்கால். நான் என்ன காரணம் சொல்லித் தப்பிப்பது, நீயே சொல்.

இந்தப் பதினோரு மாதமும் எனக்கு இப்படித்தான் போகிறது. லிஃப்டுக்கு அடியில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பேன். மேலேயிருந்து யாராவது எட்டிப்பார்த்து, "நீங்கதானே அந்தப் பொண்ணோட அப்பா? எப்படி சார் வளத்தீங்க?" என்பார்கள். கம்பெனியில் மேனேஜர் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, "நேர்மைன்னா என்னன்னு இவர் வீட்டைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். கை தட்டினார்கள். நீ அத்தனை பேர் முன்னால் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மைதானத்தில் பை தூக்குகிறவனை கேடி என்று கூப்பிடுவார்கள் என்று நீ முதன்முதலாகச் சொன்ன நாளில் உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். "இத்தனை வருஷமா நான் சொன்னதை இப்பதான் ஊரும் ஒத்துக்கிச்சு" என்றாள். ஒன்பது வருஷம் உனக்குக் கேடியாக இருந்தேன். அந்த வேடிக்கையை இப்போதும் எப்போதாவது சொல்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

உன் பின்னால் பையோடு அந்த மைதானத்தை நான்கு நாள் நடந்தவன்தான் நான். கையில் மட்டையோடு நின்றபோதுதான் அது என்ன இடம் என்று தெரிந்தது. ஒரு மேட்டைக்கூட ஆள் வைத்துப் போடவில்லை. கடல் காற்று மணலைக் கொண்டுவந்து எங்கெங்கே குவித்ததோ அங்கேயே புல் முளைத்திருக்கிறது. இரண்டு குன்றுக்கு நடுவில் ஆடு மேய்ந்த தடத்தைப் பாதையாக விட்டு, ஓடை வளைகிற இடத்தில் கொடியை நட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த வேலை. காலையில் வெயில் சாய்வாக விழுந்தபோது புல்லுக்கு அடியில் தரை மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் குழியில் பந்தை நேராக அடித்தேன். காற்று அதைத் தூக்கிக் கடல் பக்கம் போட்டது. அதன்பிறகு எத்தனை அடி ஆனது என்று நான் எண்ணவில்லை.

என்னோடு ஆட வந்தவர் யார் தெரியுமா? அன்றைக்கு உன் ஆட்டத்துக்கு நடுவராக இருந்தாரே, தொப்பியைக் கழற்றாமல் பேசுகிறவர், அவர்தான். இப்போது கிளப்புக்குச் செயலாளர். பதின்மூன்று குழிவரை வானிலையைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தார். லிஃப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

பதினான்காவது குழியில் தரையே வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எது விழுந்தாலும் அந்த முட்புதருக்குத்தான் உருட்டிக் கொடுக்கும். உன்னுடையது அன்றைக்குப் போனது போலவே என்னுடையதும் போனது. உள்ளே நுழைந்து தேடினேன். வேர் இரண்டாகப் பிரிகிற சந்தில் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒரு முறைகூடப் பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். மற்றவர்களைவிட ஓர் அடி குறைவாக ஆடி நீ முன்னால் இருந்தாய். இன்னும் ஐந்து குழிதான் பாக்கி. நீ புதரின் அந்தப் பக்கம் தேடினாய், பந்து இந்தப் பக்கம் என் காலடியில் இருந்தது. வேருக்குள் கிடந்த பந்தை ஷூ நுனியால் தள்ளி வெளியே விட்டேன். ஒரு சாண்கூட இருக்காது. யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லலாம், ஆனால் அது பொய். யோசித்தேன். நடுவர் தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் செய்தேன். நிமிர்ந்தால் நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாய். "சார், என் கை பட்டுப் பந்து நகர்ந்துடுச்சு" என்றாய். தண்டனையாகக் கணக்கில் ஓர் அடி கூடும், பந்தை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்றார். வேரின் சந்துக்குள் உன் கையாலேயே அதைத் திரும்ப வைத்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமல், "பையை வெச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றாய். நேரில் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. மிச்சக் குழிகளில் மட்டையை நீயே உருவிக்கொண்டாய். ஓர் அடியில் தோற்றாய்.

இந்தத் தடவை நான் பந்தைத் தொடவில்லை. வேருக்குள் இருந்தபடியே அடித்தேன். வெளியே வர ஏழு அடி ஆனது. முழங்கையில் தோல் போனது. நடுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் அந்த மேட்டு மேல நின்னேன். உங்க பொண்ணு நின்ன இடத்துலேர்ந்து கையை எவ்வளவு நீட்டினாலும் பந்து எட்டாது."

மட்டையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன். அவரே, "ஆடறவங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். எழுதினேன்" என்றார். அப்படியானால் ஏன் சார் அந்தப் படத்தை மாட்டினீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு செஞ்சது பெரிய விஷயம்தானே. என்ன செஞ்சுதுன்னுதான் தப்பா எழுதியிருக்காங்க" என்றார்.

உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "எழுதினா உங்க மனசு லேசாயிடும். பேர் போறது உங்க பொண்ணுக்குத்தான். இல்லாததைச் சொல்லி ஸ்கோர் கார்டுல கையெழுத்துப் போட்டிருக்காங்க, இனிமே எங்கயும் ஆட விடமாட்டாங்க." அதன்பிறகு மிச்ச நான்கு குழிகளையும் ஆடி முடித்தோம். வராந்தாவில் உன் படத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிங்க என்றார்கள்.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம், இருந்தாலும் இருக்கிறது. ஏன் என் பேரைச் சொல்லவில்லை? "எங்க அப்பா தள்ளினார்" என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அவமானத்தோடு எனக்குப் போயிருக்கும். இப்போது ஆயுள் முழுக்கப் பாராட்டு. அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையா, இல்லை உன்னையும் சேர்த்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்தாயா? இதைத்தான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். முதலாவதாக இருந்தால் ஏன் என்னோடு பேசவில்லை. இரண்டாவதாக இருந்தால் எனக்கு நிம்மதி. நீயும் என்னைப் போலத்தான் என்று ஆகிவிடும். பார், பெற்ற மகளைப் பற்றி இப்படி ஆசைப்படுகிறேன்.

அடுத்த மாதம் நீ மறுபடி அங்கே ஆடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். புதிதாகப் பை தூக்க வருகிற பெண் நன்றாகக் கணக்குப் போடுவாளாம். இருக்கட்டும். மழைக்காலத்துக்குப் பிறகு தரை மாறியிருக்கிறது, அவளிடம் சொல். ஏழாவதில் இடது மணல்மேடு நான்கு தப்படி உள்ளே நகர்ந்திருக்கிறது, பழைய குறிப்பேட்டை நம்பாதே. பதினொன்றில் ஓடைக் கரை இடிந்து பந்து விழ இடம் குறைந்துவிட்டது, குட்டையாகவே அடி. பதினாறில் பிற்பகல் காற்று கடலிலிருந்து இல்லை, குன்றில் மோதித் திரும்பி வருகிறது. நான்தான் எழுதினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். யாரோ பார்த்துச் சொன்னதாக இருக்கட்டும்.

இனி ஒரே ஒரு கேள்வி. அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா? உலகத்தில் வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. அவள் அந்தத் தட்டைத் தேய்க்கிறதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் நீ சொன்ன பொய் உன்னுடையது, உன்னைக் கேட்காமல் அதில் நான் கை வைக்க மாட்டேன். சொல்லுங்கள் என்றால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். போனில் வேண்டாம், ஒரு கார்டில் எழுதிப் போடு. எந்த வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை, உன் கையெழுத்தில் வரட்டும்.

தோள்பட்டையைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ ஜெயிக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா