அளவுத் தொப்பி

14.2.82, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கிற வெயில். மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிணற்றடியில் ஊறப்போட்ட பாய் இழைக்கிற பன் புல் நாறுகிறது. மூன்று நாளைக்கு மேல் ஊறவிடக்கூடாது என்று தெரியும். தெரிந்தும் விட்டேன். கையை முகர்ந்தால் செத்த தவளை மணம். சவர்க்காரம் இரண்டு தடவை. போகவில்லை. பகல் சோறு இறங்கவில்லை.

இருந்தும் தொப்பி ஒன்று முடிந்தது. பன்னிரண்டாவது. அகல விளிம்பு, பாய்க்குப் போடும் பச்சைச் சாயம். சுற்றிக் கட்டியது மருதமுனைச் சாரனில் மிஞ்சிய கரை. பக்கத்தில் பாசிமணியால் ஒரு பூ. மணி, என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்பியது. பூ சரியாக வரவில்லை. பிரித்துக் கட்ட வேண்டும்.

பன்னிரண்டில் ஒன்றைக்கூட ஒருவரும் வெளியில் போட்டுப் போனது கிடையாது, நான் உட்பட. எல்லாம் அறைச் சுவரில் ஆணியில். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் தொப்பி ரீச்சர். பதினொரு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன், அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. உம்மா: "முக்காட்டுக்கு மேல தொப்பி போடுற பொம்புளய ஆரும் கண்டிரிக்கியா கா?"

பின்னேரம் தரகர் ஆதம்பாவா. தங்கச்சி ஜெசீமாவுக்குப் பேசிய இடம் முற்றாகிவிட்டதாம். சம்மாந்துறை, வயல்காரர். வயது முப்பத்திரண்டு. போன மாதம் படம் கொண்டுவந்து காட்டிய அதே ஆள். மார்ச் கடைசியில் காவின் எழுத்து, கலியாணப் பதிவு.

வாய் நிறைய வெற்றிலையோடு கதைக்கிற மனிதன். கதைத்து முடிக்கையில் என் பச்சைத் தொப்பியில் இரண்டு சிவப்புப் பொட்டு. துடைத்தேன், பரவிற்று. தூ.

"ரீச்சர், மாப்பிளைட தொப்பிய நீங்கதான் தைக்கோணும். உங்கட கைத்திறம் அங்கால வரைக்கும் கேள்வி."

மாப்பிள்ளை உடுப்பு பெண் வீட்டார் கொடுப்பது. சட்டைக்கு ரெயிலர். தொப்பிக்கு நான். முதல் தடவையாக நான் செய்யும் தொப்பியை ஒரு தலை போடப்போகிறது. சந்தோஷப்பட வேண்டியது. துப்பல்தான் கண்ணில் நிற்கிறது.

16.2, செவ்வாய்

8ஆம் வகுப்புப் பின்னங்கள். ஒருத்திக்கும் ஏறவில்லை.

ஜெ. படத்தைத் தையல் மெசின் லாச்சிக்குள் வைத்திருக்கிறாள். நூல் எடுக்கிற சாட்டில் திறந்து திறந்து பார்க்கிறாள். இன்று நாலு தரம். இத்தனை நூல் எதற்கு? இருபத்தாறு வயது. இதற்கு முன் வந்த மூன்று இடமும் தவறிப்போனது. அவள் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. இன்று சொன்னாள்: "கண் சிரிக்கிற மாதிரி இரிக்கி, என்ன ராத்தா?"

ஓம் என்றேன். உண்மையிலேயே நல்ல முகம். நெற்றி நிறைய முடி. படத்தின் கீழ் ஓரம் மட்டும் கோணலாக வெட்டியிருக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத ஆளின் வெட்டு.

20.2, சனி

அளவு வந்தது. ஊரில் இதுதான் வழக்கம், பழைய உடுப்பைக் கொடுத்துப் புது உடுப்புத் தைப்பது. பொதிக்குள்:

சட்டை 1. வெள்ளை. கழுவி, கஞ்சி போட்டு, அயன் பண்ணி. மடிப்பில் விரல் வெட்டுப்படும்.

தொப்பி 1. கறுப்பு வெல்வெட், உள்ளே மட்டை. கழுவவில்லை. மட்டைத் தொப்பியை எப்படிக் கழுவுவது, ஊதிப்போகும். தூசி தட்டக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொதியைத் திறந்ததும் அத்தர், தலையெண்ணெய், பழைய வேர்வை மூன்றும் சேர்ந்து ஒரு வாடை. மூக்கைப் பொத்தினேன். உம்மா தலையில் கை வைத்தா. "மாப்பிளைட சாமான்கா அது. மூக்கப் பொத்தாத, ஜெசீமா பாத்துக்கு இரிக்கா."

ஜன்னலில் காயவைத்தேன். காகம்கூடக் கிட்ட வரவில்லை.

21.2, ஞாயிறு

எழுதவே அருவருப்பாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சுற்றளவு எடுக்க உள்பட்டியைப் பிரித்தேன். நெற்றியில் படுகிற துணிப் பட்டி. 22¾ அங்குலம். பட்டியின் கீழ் உள்பட்டுத் துணி ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது சுற்றிவரக் கறுப்பு வளையம். வேர்வை மஞ்சளாகப் படியும். எண்ணெய் தவிட்டு நிறம். இது கறுப்பு. விரலை ஈரமாக்கித் தேய்த்தேன், விரலில் ஒட்டியது. ஆறு வருடமாகப் பன்னுக்குச் சாயம் காய்ச்சுகிறவள் நான். சாயம் எனக்குத் தெரியும்.

தையலுக்குள் முடி. ஏழு. வெள்ளைக் கடுதாசியில் அடுக்கிப் பார்த்தேன். ஏழிலும் வேர்ப்பக்கம் ஒரு நெல்மணி நீளத்துக்கு வெள்ளை, அதற்கு மேல் கறுப்பு.

முப்பத்திரண்டு வயதாம்.

இன்னொன்று. தொப்பி வட்டமில்லை. இடது காதுக்குப் பின்னால் பட்டியை வெட்டி, ஓர் அங்குலத் துணி ஆப்புப்போல வைத்துத் தைத்திருக்கிறது. அந்த இடத்தில் தலை புடைத்த ஆளுக்குத்தான் அப்படித் தைக்க வரும்.

கையை மூன்று தரம் கழுவினேன். உம்மாவிடம் காட்டினேன். கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயில் பட்டா எல்லா மயிரும் அப்பிடித்தான் தெரியும்" என்றா. கடுதாசியை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தா. எறியச் சொல்லவில்லை. அவவுக்கும் தெரிகிறது.

24.2, புதன்

மாமா வந்தார். உம்மாவின் தம்பி, வாப்பா மவுத்தான பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான். சம்மாந்துறைக்குப் போய் மாப்பிள்ளையைக் கண்டுவந்தவரும் அவர்தான். இறைச்சியும் சோறும். எலும்பை உறிஞ்சும் சத்தம் குசினி வரைக்கும்.

"மாமா, நீங்க ஆளக் கண்டயள்தானே. என்ன வயசு மதிக்கலாம்?"

"நல்ல மனிசன் புள்ள. அஞ்சு வக்தும் தொழுவார்."

"வயசக் கேட்டன்."

"மஹ்ரிபுக்குப் பொறகுதான் போன நான். லாம்பு வெளிச்சத்துல ஆர் வயசெண்ணினது?" பிறகு விரலை நக்கிக்கொண்டு, "ஆம்புளைக்கு என்ன வயசு."

எழுந்து வந்துவிட்டேன். அவர் விரல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

சற்று நேரத்தில் தரகரும். ஆள் அனுப்பி அழைத்தது உம்மாதான். கடுதாசியைப் பிரித்து வைத்தேன். மனிதன் முதலில் பார்த்தது முடியை அல்ல, மாமாவை. பிறகு சிரித்தார். பல்லெல்லாம் காவி.

"அட, மாறி வந்திட்டு ரீச்சர்! இது அவர்ர வாப்பாட தொப்பி. அவசரத்துல எடுத்துத் தந்திட்டாங்க."

"அப்ப மகன்ர தொப்பியக் கொண்டாங்க."

"ஏன் வீணா அலைச்சல்? வாப்பாக்கும் மகனுக்கும் ஒரே அளவு. இதப் பாத்தே தைங்க."

"நல்லாத் தெரியுமா?"

"வல்லாகி. நான் பொய் சொல்லுவனா?"

மாமா தலையாட்டினார். உம்மாவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா? நீ ஒரு பக்கம் மயிரப் பொறுக்கிக்கு இரி" என்றா. எனக்கும் ஒரு நொடி நம்பவேண்டும் போல இருந்தது. அதுவும் வெறுப்பாகத்தான் இருக்கிறது.

27.2, சனி

ஜெ.யிடம் மறைக்க முடியவில்லை. மெசின் லாச்சியை அவள் திறந்தபோது சொல்லிவிட்டேன். சாயம், முடி, தரகர் சொன்னது, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தொப்பியைக் கேட்டு வாங்கினாள். மூக்கைப் பொத்தாமல் உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். நான்தான் முகத்தைத் திருப்பினேன்.

"இது அவர்ர வாப்பாட தொப்பியெண்டா எனக்கு ஒண்டுமில்ல ராத்தா. அவர்ரயெண்டா நான் மாட்டன்."

"வயசு கூடினதாலயா?"

"வயசெண்டு சொல்லிக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பன். இந்தப் படத்த எனக்கு ஏன் தந்த?"

படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினேன்: ஸ்டூடியோக்காரர் வருடம் எழுதும் இடம், அதைத்தான் வெட்டியிருக்கிறது. இப்போது எல்லாம் என் தலையில். ஆளைப் போய்ப் பார்க்க முடியாது. அந்நிய ஆண், அவர் தலையில் நாடா பிடித்து அளக்கவும் முடியாது. உம்மாவும் மாமாவும் கேட்க மாட்டார்கள்.

ஒன்று செய்யலாம். சுற்றளவு வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றாக இருக்கட்டும். புடைப்புமா ஒன்றாக இருக்கும்? அதே ஆப்பை அதே இடத்தில் வைத்துத் தைப்பது. வேறு தலையென்றால் இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும். யா அல்லாஹ், திருப்பி அனுப்பட்டும்.

என் தையலைப் பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டுமென நானே துஆச் செய்கிற நிலை.

3.3, புதன்

தொப்பி முடிந்தது. கறுப்பு வெல்வெட், உள்ளே புது வெள்ளைப் பட்டு. விளிம்பில் பொன் சரிகைக் கொடி, இலைக்கு இலை எண்ணி, முப்பத்தாறு. கேத்தில் ஆவியில் காட்டி வெல்வெட்டை நிமிர்த்தினேன். ஆப்பு வெளியில் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு குத்துக்கும் அந்த வாடை நினைவில் வந்தது. பழைய தொப்பியைப் பக்கத்தில் வைத்துத்தானே அளவு பார்க்க வேண்டும். பாதியில் எழும்பிப் போய் எலுமிச்சம்பழம் முகர்ந்து வந்தேன்.

ஆனால் வடிவாக வந்துவிட்டது. நான் செய்ததில் இதுதான் வடிவு. சுவரில் தொங்கும் பன்னிரண்டையும் கூட்டி வைத்தாலும் இதற்கு ஈடில்லை. எரிச்சல் அதுதான். இலை வைக்கும்போது இரண்டு மணித்தியாலம் ஜெ.யை மறந்தே போனேன். என்னைப் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை இன்று.

தரகரிடம் கொடுத்தனுப்பினோம். போட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று உம்மா. பழைய தொப்பியைக் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

6.3, சனி

சந்தைக்குப் போய் வந்தேன். சூரை மீன் பழுது. கறியாக்கிப் பார்த்துக் கொட்டியது.

பத்து மணிபோல் தரகர். வாசலிலிருந்தே சத்தம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மாப்பிள்ளை வீட்டாரின் அன்பளிப்பு. மாமாவும் கூட வந்தார். உம்மா கதிரை போட்டா. ஜெ. அறைக்குள், திரைக்குப் பின்னால். அவளுடைய கால்விரல் திரைக்குக் கீழே தெரிந்தது.

"ரீச்சர், உங்கட கைய முத்தமிடோணும்! தலையில வெச்சதும் ஒட்டின மாதிரி இருந்திச்சாம். கண்ணாடிக்கு முன்னால இருந்து மனிசன் எழும்பல்ல."

"இடது பக்கம் தூக்கல்லையா?" நான்தான் கேட்டேன்.

"அதத்தான் சொல்ல வாறன். சின்ன வயசுல வண்டிலால விழுந்து இடது பக்கம் ஒரு புடைப்பு அவருக்கு. அண்டையிலிருந்து கடைத் தொப்பி ஒண்டும் தலையில நிக்கிறல்லையாம். இதுதான் நிண்டிரிக்கி! இன்னும் ரெண்டு தைச்சுக் கேக்கிறார்."

தரகர் சிரித்தபடியே எங்கள் முகங்களைப் பார்த்தார். தான் சொன்னது என்னவென்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கிவிட்டது. குனிந்து சாரனைச் சரிசெய்தார்.

திரை விலகியது. ஜெ. வெளியில் வந்தாள். பேசி முற்றான பெண் தரகர் முன்னால் வருவது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. தலையில் முக்காடு, ஒரு கையில் பழைய தொப்பி, மற்றக் கையில் படம். தொப்பியைக் கதிரைக் கையில் வைத்தாள். அதற்குள் படத்தை வைத்தாள்.

"இந்தத் தொப்பிய அவர்ர வாப்பாட்டக் குடுத்திருங்க. படத்துல இரிக்கிறவர் வந்தா நான் காவினுக்கு ஓம். தொப்பி போட்டவர் வந்தா நான் மாட்டன்."

உள்ளே போய்விட்டாள். மாமா எழும்பிக் கத்தினார். வயதுபோன குமரை இனி யார் எடுப்பான், ஊரில் தலைகாட்டுவது எப்படி, எல்லாம். உம்மா அழுதா. நான் மாமாவைப் பார்த்துக் கேட்டேன்: "லாம்பு வெளிச்சத்துல புடைப்பும் தெரியல்லையா?" அவர் செருப்பைத் தேடினார்.

வாழைப்பழத்தை ஒருவரும் தொடவில்லை.

11.3, வியாழன்

மழை இருட்டு, மழை இல்லை. உம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் போட்டுத் தருகிறா. பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் என்னிடம், "தொப்பியால கலியாணத்தக் குழப்பினயாம்" என்றா. ஓம் என்றேன்.

ஜெ. மூன்று நாள் அறையைவிட்டு வரவில்லை. கதவைத் தட்டினால், "இரிக்கன் ராத்தா" என்று மட்டும் பதில். நான் செய்தது சரியா என்று அந்த மூன்று நாளும் தெரியவில்லை.

இன்று பொதி திரும்பி வந்தது. கடுதாசித் துண்டுகூட இல்லை. உள்ளே என் தொப்பி. சரிகை கசங்கவில்லை, ஒரு இலைகூட அவிழவில்லை. ஒரு தரம்தான் தலையில் வைத்திருக்கிறான், கண்ணாடிக்கு முன்னால். திருப்பிப் பார்த்தேன். புது வெள்ளைப் பட்டில் சுற்றிவரக் கறுப்பு. இரண்டு விரலால் நுனியில் பிடித்துக் குப்பைக்குக் கொண்டுபோனேன்.

ஜெ. அறையிலிருந்து வந்து என் கையிலிருந்து வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து உள்பட்டைத் தேய்த்துப் பார்த்தாள். அவளுடைய விரலிலும் கறுப்பு.

"என்ன ராத்தா, நம்மட பாய்ச்சாயம்கூட இப்பிடிக் கழராதே" என்றாள். பிறகு சிரித்தாள்.