நீ வெட்டச் சொன்ன புங்க மரம்

என் செல்ல நைனா,

பங்குனி பிறந்துவிட்டது. தோட்டத்து முருங்கை பூத்துக் கொட்டுகிறது. கனகாம்பரத்துக்குத் தேன்சிட்டு ஜோடியாக வருகிறது, ஆண் சிட்டு வெயிலில் திரும்பும்போது கழுத்து நீலமாக மின்னுகிறது. குயில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அதைத் திட்டுவதற்குத்தான் வீட்டில் நீ இல்லை.

இதையெல்லாம் ஆசையாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. பின்பக்கம் நம் புங்க மரம் இல்லை, நைனா. உனக்குத் தெரியாத செய்தியா இது? நீதான் வெட்டச் சொன்னாயாமே.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை மகள் தேவி வந்தாள். கோட்டை அடிவாரத்துப் பூங்காவுக்குப் போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். நீ கண்ணை மூடிய பிறகு நான் எங்கேயும் போகவில்லை. அம்மா என்றைக்கும் இல்லாத அன்பாகப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வா பவா. மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அந்த 'மெதுவா' எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பூங்கா எப்படி இருந்தது தெரியுமா? மழை பெய்து ரொம்ப நாளாகியும் புல் பச்சையாகவே இருந்தது. ராஜகிரிக் கோட்டைப் பாறை இடுக்கில் எங்கோ ஒரு புரசு மரம் மட்டும் சிவப்பாகப் பூத்திருந்தது. சுவரோரத்துப் புங்க மரத்தில் பழைய இலை எல்லாம் போய், எண்ணெய் தடவியதுபோல் புது இலை. அதற்குள் பூவும் வந்துவிட்டது. கீழே பொரியை வாரி இறைத்த மாதிரி கிடந்தது. நம் மரம் எப்போதும் அதற்குப் பிந்தித்தான் பூக்கும். இன்னும் ஒரு வாரத்தில் நம் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

சுற்றுலா வந்த ஓர் அம்மா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூவை மிதிக்கத் தயங்கி நின்றார். "ஏம்மா, இது என்ன மரம்?" என்று என்னைத்தான் கேட்டார். தேவியை இல்லை, என்னை. வழக்கம்போல் தேவிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"புங்க மரங்க. சும்மா நடங்க, மெத்துன்னு இருக்கும். எங்க வூட்லயும் இருக்குது."

அவர் சிரித்துவிட்டு நடந்தார். தேவி என் முதுகில் ஒன்று வைத்தாள். "அடிப்பாவி! உனுக்கு வாய் இருக்குதா? இத்தினி வருசமா எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?"

முகம் தெரியாத ஒருவரிடம் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை, நைனா. எனக்கு உடனே வீட்டுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. மரத்தடியில் நின்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ இருந்தபோது அங்கேதானே உனக்கு எல்லாம் சொல்வேன்? தேவிதான் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்டி" என்று என் கையைப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது பின்கதவு வழியாக வெளிச்சம் கூடம் வரைக்கும் வந்து விழுந்தது. அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அம்மா தன் தம்பியை வரவழைத்திருந்தாள். மாமா மெஷின் ரம்பத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். புது இலையோடு கிளைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. எல்லாக் கொத்திலும் மொட்டு.

நான் அழவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன ஏன்டி பாக்கற? நானா வெட்டச் சொன்னேன்? உங்க நைனா சொன்னதுதான்" என்றாள் அம்மா.

"பொய்."

"ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கினு சொன்னாருடி. 'நான் போனப்புறம் அந்த மரத்த எடுத்துடு கமலா. அது இருக்கற வரைக்கும் இவ தெருவுக்கு வர மாட்டா. பூக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடு, பூத்துட்டா வுட மாட்டா'ன்னு."

அப்போதும் நான் நம்பவில்லை. அடுத்ததாக அம்மா சொன்னதுதான் என்னை நம்ப வைத்தது. "பள்ளிக்கூடத்துல வராத வாயி, அந்த மரத்துக்கிட்ட மட்டும் வருதாமே உனுக்கு? புக்க வெச்சிக்கினு அதுக்குப் படிச்சிக் காட்டுவியாமே?"

அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, நைனா. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மரத்தடியில் மட்டும் வரும். நீ கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பாய். யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்டபோது என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாயே!

ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றபோது அம்மா கத்தினாள். நீதான் என் பக்கம் நின்றாய். "வேணாம்னா வுடு கமலா. கொழந்த வூட்லயே இருக்கட்டும்" என்றாய். அந்த ஒரு பேச்சை நம்பித்தானே இத்தனை நாள் இருந்தேன்? அப்போதே உனக்கு மனசுக்குள் வேறு எண்ணம் இருந்ததா? இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், சாப்பிடாமல் படுத்திருப்பேன். பிறகு யோசித்திருப்பேன். எனக்கு அந்த வாய்ப்பைத் தராமல், முடிவை அம்மாவிடமும் ரம்பத்திடமும் கொடுத்துவிட்டுப் போனாய்.

அன்றைக்குக் காலையில் நான் பேசிவிட்டேன், நைனா. நீ எதற்காக வெட்டச் சொன்னாயோ அது அந்த மரம் இருக்கும்போதே நடந்துவிட்டது. ஒரு பூக்காலம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?

எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அதனால் வலி குறையவில்லை. கெட்டது நினைத்தவர் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். உன்னை எப்படித் திட்டுவது?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வருகிற ஞாயிறு மாமா சிமெண்டும் ஜல்லியும் கொண்டுவருகிறார். முருங்கையையும் எடுத்துவிட்டுத் தோட்டம் முழுக்கத் தளம் போடப் போகிறார்களாம். அதையும் நீதான் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மாமாவை நிமிர்ந்து பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேசுவேன். வாசலிலேயே, தெருவில் நாலு பேர் நிற்கும்போதே, "மண்ண வுடு மாமா" என்று சொல்வேன். குரல் உடைந்தாலும் சொல்லி முடிப்பேன். இது சத்தியம். நான் தெருவுக்கு வந்து பேச வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாய்? வருகிறேன், நைனா. ஆனால் தெருவில் என் முதல் பேச்சு உனக்கு எதிராகத்தான் இருக்கும்.

இன்னும் உன்மேல் கோபமாகவே இருக்கும்,
உன் ஒரே மகள் பவா.