கோணல் வெட்டு

போர்ட் லூயி துறைமுகம்,
மொரீசியஸ்.
20-10-53

அன்பு ஜோதிக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். பிறகு படி. நான் சென்னையில் இல்லை.

மத்திகிரிப் பண்ணை ஆடுகளைச் சென்னையில் கப்பலேற்றிவிட்டு இருபது நாளில் திரும்புகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய்யில்லை. சொன்னபோது அதுதான் நினைப்பு. கப்பலில் ஏற்றியதும் ஆடுகள் தீனி எடுக்காமல் படுத்துவிட்டன. மொரீசியஸ் வரைக்கும் கூட வர ஆள் வேண்டும் என்றார்கள், ஏறிவிட்டேன்.

இங்கே இறங்கினால் இன்னொரு சின்னக் கப்பல் நிற்கிறது. பாறையையும் பறவையையும் ஆராய்கிற மூன்று வெள்ளைக்காரர்கள் அதில் போகிறார்கள். தெற்கே, பனிக்கடலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், எரிமலை கக்கி உண்டான தீவுக்கூட்டம் ஒன்று இருக்கிறதாம். மனிதர் ஒருவர்கூட அங்கே இல்லை. கப்பல் உடைந்து ஒதுங்குகிறவர்கள் பசியில் சாகாமலிருக்க ஆறு ஆடுகளை அங்கே விட்டுவரப் போகிறார்கள். ஆடு அறிந்த ஆள் யார் என்று கேட்டதும் கையைத் தூக்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். ஆடி மாதம் குட்டிகளுக்குக் காதில் அடையாளம் வெட்டும்போது உன் அப்பா என்ன சொன்னார்? நாலு பேர் முன்னால், "காது வெட்டக்கூட லாயக்கில்லாத பயலுக்கு என் பொண்ணைக் கட்டிட்டேன்" என்றார். நான் இடக்கையில் கத்தி பிடிக்கிறவன். வலக்காதில் நேராக விழவேண்டிய இரட்டை வெட்டு எனக்குச் சாய்ந்துதான் விழும். தாய்மாமன் என்று எட்டு வயதிலிருந்து அவர் வீட்டுச் சோற்றைத் தின்கிறேன், அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அவர் மூஞ்சியைப் பார்க்காத ஊர் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன்.

தை மாதம் இங்கே திரும்பிவிடுவேன். தீவில் தபால் கிடையாது. இந்தக் கப்பல் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. திட்டுவதென்றாலும் எழுது.

உன்
தீர்த்தகிரி


பேரிகை,
ஓசூர் தாலுகா.
22-11-53

உங்களுக்கு ஜோதி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் மேல் கோபம் என்றால் அப்பாவோடு சண்டை போடுவதுதானே? அவர் மூஞ்சி இல்லாத ஊரில் என் மூஞ்சியும்தான் இல்லை. அதை யோசித்தீர்களா?

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து பட்டிக்குப் போய்விட்டார். மறுநாள் பெரியவர்களைக் கூட்டிவிட்டார். கடல் தாண்டியவன் திரும்பி வரமாட்டான், பெண்ணை எத்தனை நாள் இப்படி வைத்திருப்பது என்று அவர்களே பேசி அவர்களே முடித்துக்கொண்டார்கள். கட்டினவன் விட்டுப்போன பெண்ணுக்கு வேறொருத்தர் சேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவது நம் ஜனத்தில் வழக்கம்தானே. தளியில் கரியப்பன் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், கோசுத் தோட்டம் வைத்திருக்கிறார். யுகாதியன்று அவர் சேலையோடு வருவாராம். அதற்கு முன்னால் நீங்கள் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் வருகிறேன் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதமாவது வர வேண்டும். கையெழுத்தை மத்திகிரிப் பண்ணைக் குமாஸ்தா பார்த்துச் சொல்வாராம்.

எனக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கப்பல் ஏறும்போது நீங்களும்தான் கேட்கவில்லை.

எனக்கு வேறு சேலை வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஜோதியம்மாள்


பேரிகை,
7-2-54

உங்களுக்கு,

தை முடியப்போகிறது. பதில் இல்லை. பண்ணைக் குமாஸ்தா கப்பல் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார். குறித்த நாள் கடந்தும் கப்பல் வந்து சேரவில்லையாம்.

கரியப்பன் ஒரு தடவை வந்துவிட்டுப் போனார். ஒரு கூடை கோசு கொண்டுவந்தார். அப்பாவோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று ஊர் பேசுகிறது. நான் தினமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். செத்தவரை யாராவது இப்படித் திட்டுவார்களா? பயமாக இருக்கிறது. எங்கே இருந்தாலும் வந்துவிடுங்கள்.

ஜோதி


போர்ட் லூயி,
2-3-54

அன்பு ஜோதிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் படித்துவிடு.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ராஜப்பன், இங்கேயே பிறந்த தமிழர், கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நேற்றுக் கரையிறங்கினேன். உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கையில் கிடைத்தன. ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன்.

தீவில் இறங்கும்போது அலை படகைப் பாறையில் அடித்தது. இடையில் என் வலக்கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல் எலும்பு முறிந்து, சரியாகச் சேராமல் இன்னும் கட்டில் இருக்கிறது. ஆடுகளையும் எங்கள் நாலு பேரையும் இறக்கிய அன்றே புயல் வந்து கப்பலைத் துரத்திவிட்டது. அது திரும்பி வர முப்பத்தோரு நாள் ஆயிற்று.

கறுப்பு மணல், கறுப்புப் பாறை. மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. காற்று நிற்பதே இல்லை. பெங்குவின் என்று ஒரு பறவை, இடுப்பு உயரம் இருக்கும், ஆயிரக்கணக்கில் நிற்கிறது. மனிதனைக் கண்டே அறியாததால் பயமே இல்லை, ஒன்று வந்து என் கால்சட்டையைக் கொத்திப் பார்த்தது. எப்போதோ வந்த கப்பல்காரர்கள் தகரக் கொட்டகை போட்டு, பிஸ்கட்டும் கம்பளியும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் வருவார்கள் என்று தெரியாமலே வைத்தது. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம்.

மாமா மூஞ்சியைப் பார்க்காத ஊர் வேண்டும் என்றேன் அல்லவா, கிடைத்தது. மூன்றாம் நாளே, அவர் குரல் கேட்காதா, ஒரு வசவாவது காதில் விழாதா என்று இருந்தது. உன் குரலைப் பற்றி ராஜப்பனிடம் சொல்லி எழுதச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்து சொல்கிறேன்.

பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய ஆடுகளுக்கு ஏதாவது அடையாளம் வைக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே அடையாளம்தான். ஆறும் இப்போது உன் அப்பா நாராயணப்பன் பட்டி ஆடுகள் என்று அவரிடமே சொல்.

அவர் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். எழுதுகிற கை கட்டில் இருக்கிறது, கத்தி பிடிக்கிற கை நன்றாக இருக்கிறது. இந்தக் காகிதத்தின் கீழ்மூலையில் இரண்டு வெட்டு வெட்டியிருக்கிறேன். அவரிடம் காட்டு.

பத்து நாளில் கப்பல் ஏறுகிறேன். இது வருவதற்குள் நீ சேலை வாங்கிவிட்டாயானால் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. சொல்லாமல் போனவன் நான். உன்மேல் குற்றம் இல்லை.

தீர்த்தகிரி


பேரிகை,
5-4-54

உங்களுக்கு ஜோதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த வரியை ஆறு மாதம் கழித்து மனதார எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று யுகாதியன்றுதான் வந்தது. முன்பே வந்து ஓசூரில் கிடந்ததாம், பண்ணைக் குமாஸ்தா வாங்கிக்கொண்டு சைக்கிளில் நேராக வந்தார். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரியப்பன் சேலைப் பொட்டலத்தோடு வந்திருந்தார். உறையைப் பிரித்தால் கையெழுத்து உங்களுடையது இல்லை. ஆனாலும் எல்லோரும் கேட்கப் படித்தேன்.

பெரியவர்கள் நம்பவில்லை. ஆள் போய்விட்டான், யாரோ இரக்கப்பட்டு அவன் பேரில் எழுதியிருக்கிறார்கள், காகிதத்தை யார்தான் வெட்டமாட்டார்கள் என்றார் அவர்களில் ஒருவரான சென்னப்பன் மாமா. குமாஸ்தாவும் இது அவன் எழுத்தில்லை என்றார். நான் அழக்கூட இல்லை. கடிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்பா எழுந்து வந்து கையை நீட்டினார். அவருக்குத்தான் எழுத்துத் தெரியாதே. குட்டியின் காதைப் பிடிப்பது மாதிரி கடிதத்தின் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெட்டை நகத்தால் தடவினார். பிறகு சொன்னார்:

"அந்தப் பயல் வெட்டுதான்டா இது. இவ்ளோ கோணலா உலகத்துல வேற எவன் வெட்டுவான்?"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

கரியப்பன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நல்லதாயிற்று என்று கன்னடத்தில் சொன்னார். அம்மா கட்டாயப்படுத்தி அவரைப் பண்டிகைக்குச் செய்த ஒப்பட்டுப் போளி சாப்பிட வைத்து அனுப்பினாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைச் சென்னைத் துறைமுக ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். கப்பலை விட்டு இறங்கியதும் வேறு எந்தக் கப்பலையும் நிமிர்ந்து பார்க்காமல் ரயில் ஏறுங்கள். உங்களைத் திட்டுவதற்கு நிறைய மிச்சம் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷத்துக் குட்டிகள் நாற்பது இருக்கின்றன. இன்று காலையில் சென்னப்பன் மாமா காது வெட்டக் கத்தியோடு வந்தார். அப்பா அவரைப் பட்டிக்குள்ளேயே விடவில்லை. "தீர்த்தகிரி வரட்டும். எங்க பட்டி ஆடு எல்லாம் இனிமே கோணல் காதுதான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

உங்கள்
ஜோதி