டிரம்ஸ் நின்ற இடம்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்து, பஸ்காரர்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து, உன் அண்ணன் உன் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்த வருஷம் அது. அந்த வருஷத்தில் நாங்கள் பதிந்த பாட்டைப் பற்றித்தான் நீ படம் எடுத்து, வெளியிடுமுன் அப்பா பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறாய். மூன்று தரம் பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான், உன் குரலைக் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

காமெடி நிகழ்ச்சிகளில் நீ ஒரு வேலை செய்வாயே, ஒரே நாளில் நடக்கிற இரண்டு காட்சியையும் பதிவு செய்து, முதல் காட்சியில் விழுந்த நல்ல சிரிப்பை இரண்டாவதில் ஒட்டுவது, அது உன் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்தில் எங்கள் குழுவின் பாடகர், "டிரம்ஸ்காரன் குடிச்சுட்டு வந்து நடுவுல தாளத்த விட்டான், அந்த மௌனந்தான் பாட்டையே தூக்கிடுச்சு, அன்னிக்கே ஆள வெளிய அனுப்பிட்டோம்" என்று சொல்லும்போது ஒரு கூட்டமே சிரிக்கிறது. அவர் படுக்கையறையில் நீயும் கேமராக்காரரும்தானே இருந்தீர்கள்? சிரிப்பின் முடிவில் இருமுகிறவரை எனக்குத் தெரியும், போன வருஷத்துக் காமெடியில் மூன்று இடத்தில் இருமினவர்.

சிரிப்பு கிடக்கட்டும். டிரம்ஸ்காரர் குடிக்கவில்லை அம்மா. அன்று அவர்மேல் அடித்தது இருமல் மருந்து வாடை. சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை, மற்ற சத்தத்தை அமுக்கிவிடும் என்று டிரம்ஸை உள்ளறையில் வைத்துக் கதவில் மெத்தை கட்டியிருந்தோம். வெளியே எல்லோர் காதிலும் ஹெட்போன், மைக் வழியாக வருவது மட்டும்தான் கேட்கும். வயர் பார்க்கிற வேலை என்னுடையது. நான் திரும்பும்போது கால் பட்டு டிரம்ஸ் மைக்கின் வயர் பிடுங்கிக்கொண்டது, சொருகுவதற்குள் நாலு தாளம் போய்விட்டது. அவர் "நான் அடிச்சேன், சத்தியமா அடிச்சேன்" என்று கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. அதன்பின் அவரை எந்தக் குழுவும் சேர்க்கவில்லை, பஸ் டிப்போவில் டயர் மாட்டிப் பிழைத்தார். இந்த இடத்தில் உன் அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுது தாயி என்று நான்தான் கெஞ்சினேன்.

நேற்று மருந்துக்கடையில் அவரைப் பார்த்தேன். "ஏம்ப்பா, உன் பொண்ணு படத்துல நானும் வர்றேனாமே, புதுச் சட்டை எடுக்கணுமா?" என்று கேட்கிறார். வாங்கிய மருந்தை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

அந்த நாலு தாளத்தில் பாடகரின் மைக்கில் பதிந்ததை உன் இயந்திரத்தில் பெருக்கிக் கேள். மெத்தைக்கு அப்பால், எங்கேயோ கதவு தட்டுகிற மாதிரி, அவர் அடித்துக்கொண்டே இருப்பது கேட்கும். பிறகு கேமராவோடு வந்து என்னை உட்காரவைத்துக் கேள், தலைகுனியாமல் சொல்கிறேன். படம் வெளிவரும் தேதி தள்ளிப்போனால் உன் பெயருக்கு இடைஞ்சல் என்று தெரியும், பெற்றவன் செய்ததைப் பிள்ளை சுமக்கிறது, மன்னித்துக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். பட்டினி கிடந்து வேலை பார்க்காதே. அந்தச் சிரிப்பை மறக்காமல் எடுத்துவிடு.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் உன் அப்பா.

கித்தார்காரர் போய்ப் பத்து வருஷம். டேப் ஓட்டினவர் போன கோடையில். பாடகர், நீ பேட்டி எடுத்துப்போன மூன்றாம் மாதம். நானும் போய்விட்டால் மிச்சம் டிரம்ஸ்காரர் ஒருவர்தான், அவர் சொன்னதை அன்றைக்கே யாரும் நம்பவில்லை.