பதினொரு கறுப்பு அடாப்டர்கள்

ஜூன் 1, சனி

ஒருவழியாக வீடு மாறியாயிற்று. முப்பத்தேழு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. இந்த முறை எல்லாக் கருவிகளின் ஒயரையும் கழற்றி ஒரே பெட்டியில் போட்டு "ஒயர்கள்" என்று எழுதியிருக்கிறார். "ஒரே இடத்துல இருந்தா தேட வேண்டாம் பாரு" என்று பெருமை வேறு. திறந்தால் பதினொரு கறுப்பு அடாப்டர்கள். எது எதனுடையது?

ஜூன் 2, ஞாயிறு

நெட்காரர் வந்து இணைப்பை இந்த வீட்டுக்கு மாற்றினார். இவர் பெட்டியைக் குடைந்து ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். வைஃபை ரவுட்டரில் பச்சை விளக்கு.

வெள்ளி காலை பதினொரு மணிக்கு எனக்கு வீடியோ இன்டர்வியூ. பாடநூல்களுக்குப் பிழை திருத்தும் வேலை, வீட்டிலிருந்தே. வேலையை விட்டு எட்டு வருடம் கழித்து! இந்த வேலை எனக்கு வேண்டும். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

ரவுட்டர் பத்து நிமிடம் ஓடுகிறது, அணைகிறது, தானே எழுகிறது. இவர் அதை அலமாரியில் வைத்தார், ஜன்னலில் வைத்தார். இன்னும் விட்டால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வார்.

மாமனார் மட்டும் படு குஷி. "இந்த முதுகு மசாஜ் மெஷின் பழைய வீட்டுல முனகிட்டு கிடந்துச்சும்மா. இங்க வந்து என்னா போடு போடுது! ராசியான வீடு."

ஜூன் 5, புதன்

நெட்காரர் மறுபடி வந்தார். "லைன் நல்லாத்தான் இருக்குக்கா. ரவுட்டர் போச்சு." புதிது வர ஒரு வாரமாம். போன் சிக்னலோ மொட்டைமாடியில்தான் கிடைக்கிறது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டா இன்டர்வியூ கொடுப்பது? இவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 6, வியாழன்

கண்டுபிடிச்சிட்டேன்!

காலையில் சும்மா ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் 12 வோல்ட். அடாப்டரில் 9 வோல்ட். இத்தனை பேர் தொட்டுப் பார்த்தோம், ஒருவராவது படித்தோமா? நான் பிழை திருத்துகிறவளாம்!

அப்படியானால் பன்னிரண்டு எங்கே? பக்கத்து அறையில் தடதடவென்று சத்தம்.

"மாமா, அந்த அடாப்டர் ரவுட்டரோடது."

"குடுத்துடறேம்மா. இன்னும் அஞ்சே நிமிஷம்."

மாற்றிப் போட்டதும் ரவுட்டர் ஒரு முறைகூட அணையவில்லை. மெஷின் பழையபடி முனகுகிறது.

ஜூன் 7, வெள்ளி

முக்கால் மணி நேரம். மாமா ரவுட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார், இவரைக்கூட அண்டவிடவில்லை.

கடைசியாக நான் பிடித்த பிழை எது என்று கேட்டார்கள். எட்டு வருடத்தில் எதைச் சொல்வேன்? அடாப்டர் கதையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?

ஜூன் 10, திங்கள்

நல்ல சிரிப்புதான்.

ஜூன் 17, திங்கள்

வேலையில் முதல் நாள். திருத்த வந்த முதல் கட்டே எட்டாம் வகுப்பு அறிவியல், மின்சாரப் பாடம். பதினொரு அடாப்டர்களுக்கும் இவர் சீட்டு ஒட்டிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மாமா கதவருகே வந்து நின்றார்.

"உனக்குச் சாப்பாட்டு நேரம் எப்பம்மா?"

"ஒண்ணரைக்கு மாமா. ஏன்?"

"அப்போ அந்த அடாப்டர் சும்மாதானே இருக்கும்?"

அதைப் போட்டால் மெஷின் எரிந்துவிடும், புதிதாக நல்ல மெஷினே வாங்கித் தருகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். எட்டு வருடத்தில் என் வேலை நேரத்தைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.