ஆறிய பிறகு ஊற்றியது

செண்டாய்
3 அக்டோபர் 1984

சுமியேவுக்கு,

உன் அண்ணன் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கத் தொடங்கியிருப்பார்கள். கம்பளிச் சட்டையை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய், பார்சலில் அனுப்புகிறேன். கேட்பவர்களிடமெல்லாம் மனைவி அண்ணியின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுதுவது வேறு காரணத்துக்காக. நம் ஆய்வகத்தில் 41-ஆம் எண் பாசி சாகிறது. ஆகஸ்டில் நீ போன பிறகு மூன்று முறை புதுக் கரைசலுக்கு மாற்றினேன். முதல் முறை நன்றாக இருந்தது. இரண்டாம் முறை சோர்ந்தது. இப்போது அதன் பச்சை உருண்டைகள் வெளுத்து, நீரில் உருளாமல் அடியில் கிடக்கின்றன. அதை எடுத்த குளத்தை மூடிச் சாலை போட்டாயிற்று. வேறெங்கும் கிடைக்காது. பாசிச் சேகரிப்பு நிலையத்திடம் ஒப்படைப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நான் அச்சில் போட்ட கட்டுரையில் உள்ளபடியேதான் செய்கிறேன்: உப்புகளை ஒவ்வொன்றாகக் கரைத்து, வைட்டமினையும் சேர்த்து, ஆட்டோகிளேவ் நீராவிக் கலனில் நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம். குடுவைகளை எந்தச் சோப்பில் கழுவுவாய்? அதை மட்டும் எழுது.

தட்சுனோரி

---

ஹிரோசாகி
7 அக்டோபர்

உங்களுக்கு,

சட்டை வந்தது. அறுந்த பித்தானைத் தைத்து அனுப்பியிருக்கிறீர்கள், கோணலாக. நன்றி. அண்ணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிரசவக் கதையைக் கேட்டால் அடிக்க வருவாள்.

சோப்பில் ஒன்றுமில்லை. வைட்டமினை முன்னால் சேர்க்காதீர்கள். கரைசலை ஆட்டோகிளேவிலிருந்து எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லி. நம் கரைசல் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது; அந்தச் சூட்டில் வைட்டமின் கெட்டுப்போகிறது. பழைய குடுவையிலிருந்து கூடவே வந்த வைட்டமின் மிச்சத்தில்தான் முதல் முறை பிழைத்தது.

ஒன்பது வருடமாக நான் அப்படித்தான் செய்தேன். சொல்லாமல் இல்லை. முதல் வருடமே சொன்னேன். மாணவர்கள் நாலு பேர் முன்னால், "எழுதியிருக்கறதைச் செய். யோசிக்கத்தான் நான் இருக்கேன்ல?" என்றீர்கள். இந்த ஆகஸ்டிலும் அதே வார்த்தை. மறுநாள் ரயிலேறினேன்.

அதெல்லாம் இருக்கட்டும். முதலில் 41-ஐக் காப்பாற்றுங்கள்.

சுமியே

---

செண்டாய்
11 அக்டோபர்

சுமியேவுக்கு,

நீ சொன்னபடி ஊற்றிவிட்டேன். அதனால் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே.

நான் அச்சில் போட்டது ஒன்று, நீ செய்தது வேறொன்று. நம் முறையில் வளர்த்த பாசி செத்துப்போனதாக ஒசாகாவிலிருந்து ஒருவர் எழுதியபோது, உங்களுக்குக் கவனம் போதாது என்று பதில் போட்டேன். அந்த உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தவள் நீ. அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

மாணவி நாகாயிடம் கேட்டேன். "எங்க எல்லாருக்கும் தெரியும் சார். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருந்தாங்க" என்கிறாள். என் ஆய்வகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தட்சுனோரி

---

ஹிரோசாகி
16 அக்டோபர்

உங்களுக்கு,

ஒசாகா விஷயம் என் தப்புதான். உறையை ஒட்டும்போதே கை கூசியது, ஆனாலும் ஒட்டினேன். அவருக்கு நேற்று நானே எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

என் பேச்சை நீங்கள் நம்ப வேண்டாம். பாசி தேறியதும் இரண்டு குடுவை வையுங்கள். ஒன்று உங்கள் முறை, ஒன்று என் முறை. மூன்று மாற்றல் வரை பாருங்கள். வந்த முடிவு எதுவானாலும் அச்சில் போடுங்கள். அதுவரை நான் வருவதாக இல்லை.

அண்ணிக்குத் தொலைபேசி செய்வதையும் நிறுத்துங்கள். வைத்ததும் என்னிடம் வந்து, "பாவம்டி அந்த மனுஷன், வெறும் நூடுல்ஸ்லயே காலத்த ஓட்டுறாராம்" என்கிறாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

சுமியே

---

செண்டாய்
9 டிசம்பர்

சுமியேவுக்கு,

மூன்றாவது மாற்றலில் என் குடுவை வெளுத்துவிட்டது. உன்னுடையதில் உருண்டைகள் வயிற்றில் குட்டி உருண்டைகளைச் சுமந்துகொண்டு உருள்கின்றன.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது. 'அச்சான முறை தவறு. சரியான முறையைக் கண்டவர் கியோஹாரா சுமியே.' இந்த இரண்டு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நேற்று 41-ஐச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மாள் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கரைசல் போட்டது யாருங்க? இப்படிக் கை பதமான ஆளைத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கேன்" என்றார். நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்துவிடு. நான் கேட்பது கரைசலுக்காக இல்லை.

தட்சுனோரி

---

த்சுகுபா
2 மார்ச் 1985

உங்களுக்கு,

இங்கே சேகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. முந்நூறு வகைப் பாசிக்கு நான்தான் கரைசல் போடுகிறேன். முதல் நாளே அந்த அம்மாள் என்னிடம் கரைசல் முறைகள் எழுதிய நோட்டைக் கொடுத்து, "தப்புன்னு பட்டா அடிச்சிட்டு உங்க கையாலயே திருத்தி எழுதுங்க" என்றார். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

திருத்தத்தை இதழிலும் பார்த்தேன். அதை அனுப்ப உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வரவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

41 நன்றாக இருக்கிறது. இனி அதைப் பற்றி நீங்கள் எனக்கு எழுத வேண்டியதில்லை.

வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் எழுதுங்கள். படிப்பேன்.

சுமியே