சின்னவனே, இரண்டாவது போர்ட் பேசிவிட்டது

என் பேரையே தன் பேராகச் சுமந்து திரிந்த தம்பிக்கு,

பெரியவன் எழுதுகிறேன். நீ பாதியில் விட்டுப்போன ஐஸ் கம்பெனிப் பெட்டி வேலை செய்கிறது. அந்த இரண்டாவது நெட்வொர்க் போர்ட்டும் பேசிவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் உனக்கு எழுதுகிறேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா?

பங்குனியில் நீ போனாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உன் ரிப்பேர் கடை நாற்காலியிலேயே. மேசையில் கிடந்த விசைப்படகு ஜிபிஎஸ்களையும் வயர்லெஸ் செட்டுகளையும் உரியவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். தருவைகுளம் ஐஸ் கம்பெனிக்காக நீயே செய்த பெட்டி மட்டும் மூடி திறந்தபடி கிடந்தது.

ஐஸ் மெஷினிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தால் மோப்பம் பிடித்துச் சொல்கிற பெட்டி. ஒரு போர்ட்டிலிருந்து முதலாளி ஆபீசுக்கு வயர். இன்னொன்றிலிருந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் இறால் உரிக்கிற கொட்டகைக்கு. முன்பு ஒரு தடவை கசிந்தபோது ஆபீஸ்காரர்கள் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். கொட்டகைக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே இறால் உரிக்கிற சேசம்மாவுக்கு இன்னமும் ஒரு கண்ணில் நீர் வடிகிறது. அடுத்த தடவை உங்களுக்கும் சைரன் அடிக்கும் என்று அவளிடம்தான் நீ வாக்குக் கொடுத்திருந்தாய்.

கொட்டகைக்குப் போகிற அந்தப் போர்ட்தான் பேசவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் சரியாகாவிட்டால் வேறு பெட்டி வாங்கிவிடுவேன், அது ஆபீசுக்கு மட்டும் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். உன் மகள் கோமதி சென்னையில் லீவு போட்டுவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் என் கடையைச் சாத்திவிட்டு நானும் அங்கே போய்விடுவேன். மேற்பார்வைக்கு ஆள் வேண்டாமா? எட்டாங்கிளாஸ் என்று சிரிக்காதே. என் கேள்விகளுக்குப் பயந்துதான் ஒன்பதாங்கிளாஸ் வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் பெரிய கிரேன் நின்றுபோனபோது, இஞ்சினியர்கள் என் பலசரக்குக் கடையில் கலர் சோடா குடித்துக்கொண்டே யோசனை கேட்டது நாடறிந்த சங்கதி. அதைக் கோமதிக்கும் சொன்னேன். காதில் வாங்கினாளோ என்னவோ, வயரை மாற்றினாள், சாக்கெட்டை மாற்றினாள், புரோகிராமை அழித்துத் திரும்ப எழுதினாள். வயரைச் சொருகினால் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. சிப் செத்துப்போயிருக்கும் என்று ஒரு சாயங்காலம் பெட்டியை மூடப்போனாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உன் ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்னவனே. நான் கிரேன் கதையை நிறுத்தினேன்.

அப்போதுதான் கூரியர்காரன் வாசலில் நின்று, "சுடலைமுத்து யாரு?" என்றான். நான்தான் என்று எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தால் பற்றவைக்கிற ஈயச் சுருள். நீ எப்போதோ சொல்லி வைத்தது.

"இது அப்பாக்கு வந்ததுல்லா? நீங்க ஏன் பெரியப்பா வாங்குனீங்க?"

"ஏளா, எங்க ரெண்டு பேருக்கும் தாத்தா பேருதானே. பேரைச் சொன்னா நான் எந்திச்சிருவேன். உங்கப்பன் இருந்தாலும் பேசாமத்தான் இருப்பான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள்ளிருந்த சர்க்யூட் போர்டைப் பார்த்தாள். மூடியைக் கீழே வைத்துவிட்டு லென்ஸை எடுத்தாள்.

போர்ட்டுக்கு ஒன்றாக இரண்டு சிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் இருக்க வேண்டுமாம், அதைச் சொல்லித்தான் கூப்பிட முடியுமாம். நீ இரண்டுக்கும் ஒரே நம்பர் வைத்திருந்தாய். தாத்தா பேரை எல்லாப் பேரன்களுக்கும் வைக்கிற வீட்டில் பிறந்தவன் வேறு என்ன செய்வாய்?

"ரெண்டாவது சாகலை பெரியப்பா. நல்லாத்தான் இருக்கு. அதைத் தனியாக் கூப்பிட ஆளில்ல, அவ்வளவுதான்."

இரண்டாவது சிப்பின் நம்பரை முடிவு செய்கிற, அரிசிக் குருணையிலும் சின்ன ஒரு துண்டைப் பெயர்த்து, பக்கத்து இடத்தில் வைத்துப் பற்றவைத்தாள். உன் ஈயம்தான். புரோகிராமிலும் ஒரு நம்பரை மாற்றினாள். இரண்டாவது போர்ட் பேசியது. கண்டுபிடித்தது நான் என்றுதான் கடையில் சொல்கிறேன். முழுப் பொய் இல்லையே?

ஆனால் கோமதி சொன்னது மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாதென்று என் அம்மாவும் உன் அம்மாவும் நம்மைப் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் நீ தனி ஆள். வெளியே போனால் சுடலைமுத்து என்றதும் நான் எழுந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், கோயில் வரி கேட்கையில். எத்தனை தடவை உன்னைத் தேடி வந்தவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களோ.

மாசி மாதம் நீ என் கடைக்கு வந்தாய். "அண்ணே, ஒரு போர்ட்டு பேச மாட்டேங்கு" என்று ஆரம்பித்தாய். நான் கிரேன் கதையை எடுத்தேன். நீயும் சிரித்துக்கொண்டே கேட்டாய், நூறாவது தடவையாக. அன்றைக்கு வேறு ஏதாவது சொல்ல வந்தாயா? நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வந்தாயா?

வைகாசி முடிவில் பெட்டியை மாட்டினோம். முதலாளி பட்டனை அழுத்தினார். ஆபீசில் சைரன் அடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கமும் அடித்தது. சத்தம் கன்னியாகுமரி வரைக்கும் கேட்டிருக்கும். இறால் கையோடு பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சேசம்மா.

"சும்மா பாக்கதுக்குத்தான்" என்றேன். பெட்டியைச் செய்த சுடலைமுத்து யார் என்று அவளோடு வந்த புதுப்பெண் கேட்டாள். வாய் திறந்தேன், தம்பி. அதற்குள் சேசம்மா முந்திக்கொண்டாள்.

"அது சின்னவரு. இவரு இல்ல."

அவள் சொன்னது எவ்வளவு சரி.

அமாவாசைக்கு அமாவாசை நானே தருவைகுளம் போய் அந்தப் பட்டனை அழுத்தச் சொல்வேன். கொட்டகையில் சத்தம் கேட்கிறதா என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். இன்னொன்றும் சொல்கிறேன். இனிமேல் யாராவது நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்திருக்க மாட்டேன். எந்தச் சுடலைமுத்து என்று கேட்பேன். உன்னைத்தான் என்றால், உட்கார வைத்து, உன் கதையைச் சொல்வேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முயற்சி பண்ணுகிறேன்.

உன் பேர்க்கார அண்ணன்,
பெரியவன்